கூதிர்காலத்து உள்ளறை: நெடுநல்வாடை காட்டும் வெம்மையும் நிறைவும்

குளிரும் ஈரமும் கூடிய நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நிறைவாக இருப்பதை வட ஐரோப்பாவின் கலையாகவே இன்று பேசுகிறோம். டென்மார்க்கின் ‘ஹுகே’ பற்றி மைக் விக்கிங் எழுதிய சிறு நூல் 2016-ல் வெளிவந்து பல நாடுகளில் விற்றது. அதன்பின் மெழுகுவர்த்தி, கம்பளிக் காலுறை, கோப்பையில் ஆவி பறக்கும் பானம் ஆகிய மூன்றும் அந்தக் கலையின் சின்னங்களாகிவிட்டன. ஆண்டில் பெரும்பகுதியை வெயிலோடு மல்லுக்கட்டிக் கழிக்கும் தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சில் இடமில்லை என்று தோன்றலாம். பத்துப்பாட்டைக் கையிலெடுத்தால் அந்த எண்ணம் நிற்காது.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை பத்துப்பாட்டில் ஏழாவது பாட்டு. 188 அடிகள் கொண்டது. மழை விடாமல் பெய்யும் ஒரு கூதிர்கால நாளில் மேய்ச்சல் நிலம், ஊர், வீடு, அரண்மனை, போர்ப்பாசறை என்று ஒவ்வோர் இடமாகச் சென்று, அங்கங்கே உயிர்கள் குளிரை எப்படி எதிர்கொள்கின்றன என்று அது காட்டுகிறது. உ. வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்முதல் இந்தப் பாட்டை அகம் என்பதா புறம் என்பதா என்ற விவாதம் பலமாக நடந்திருக்கிறது. வீட்டு வாழ்க்கையின் ஆவணமாக அதை வாசித்தவர்கள் குறைவு. அப்படி வாசித்தால் ஒரு தெளிவான கருத்து கிடைக்கிறது: வீட்டுக்குள் கிடைக்கும் வெம்மை வேறு, நிறைவு வேறு, முதலாவது பெருகப் பெருக இரண்டாவதும் பெருகும் என்பதற்கு உறுதியில்லை. இதைக் கட்டிடப் பொறியியலும் உடலியங்கியலும் கடந்த அரை நூற்றாண்டாகச் சொல்லிவருபவற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐப்பசிக் குளிர்

தொல்காப்பிய மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், அதன்பின் முன்பனி. வடமொழி மரபில் கூதிருக்கு நேரான இரண்டு மாதங்கள் சரத் ருது. அங்கே அது மழை ஓய்ந்து வானம் வெளுத்து நிலவு பளிச்சிடும் காலம். காளிதாசரின் ருது சம்ஹாரத்திலும் அப்படித்தான். தமிழ்க் கூதிர் இதற்கு நேர்மாறானது. வானம் இறங்கி வந்து கூரைமேல் உட்கார்ந்துகொள்ளும் காலம் அது. வேறுபாட்டின் காரணம் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, சராசரியாக 44 செ.மீ. அளவுக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆகவே நெடுநல்வாடையின் வானிலை இரவல் வாங்கிய இலக்கிய மரபாக இருக்க வழியில்லை. இந்த மண்ணில் நின்று பார்த்தவர் எழுதியது அது.

தெற்கே அப்படியென்ன குளிர் என்று கேட்கலாம். அடைமழை நாட்களில் சென்னையில் பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தொடாமலே போவதுண்டு. இரவுக்கும் பகலுக்கும் இடையில் இரண்டு மூன்று டிகிரிதான் வேறுபாடு. எண்ணாகப் பார்த்தால் இது குளிரே இல்லை. ஆனால் உடையில்லாமல் அசையாமல் இருக்கும் மனித உடல் தன் வெப்பத்தைச் சிரமமின்றிக் காத்துக்கொள்வதற்குச் சுற்றியுள்ள காற்று 28 டிகிரியை ஒட்டியாவது இருக்க வேண்டும். மெல்லிய பருத்தித் துணி நனைந்துவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். வேட்டியில் நூறு கிராம் நீர் ஊறியிருந்து, அது உலர்வதற்கான வெப்பம் முழுதும் உடலிலிருந்தே போனால், சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் நாற்பது நிமிடம் உண்டாக்கும் வெப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். மேலே வாடையும் வீசினால் கேட்கவே வேண்டாம்.

பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பல நாடுகளின் கட்டிடங்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து ரிச்சர்ட் டி டியரும் கெயில் பிரேகரும் 1998-ல் ஒரு வாய்பாட்டை முன்வைத்தார்கள். இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டிடத்தில் இருப்பவருக்கு இதமாகப்படும் வெப்பநிலை வெளியே நிலவும் சராசரியோடு சேர்ந்து நகர்கிறது என்பது அதன் சாரம். வெளியே சராசரி 10 டிகிரி என்றால் உள்ளே 21 போதும். வெளியே 26 என்றால் உள்ளேயும் 26 வேண்டியிருக்கிறது. கோபன்ஹேகனில் அறையைச் சூடாக்கி எட்டிப்பிடிக்கிற வெப்பநிலையில் சென்னைக்காரர் போர்வை தேடுவது இதனால்தான்.

நெடுநல்வாடையின் தொடக்கம் இந்தக் குளிரை உடல்களின் மேல் எழுதிக் காட்டுகிறது. வெள்ளத்துக்குப் பயந்து ஆநிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போன இடையர்கள், கொள்ளிக்கட்டையைக் கையில் பிடித்துக் கூட்டமாக நின்றும் கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் கூனிக் குறுகுகின்றன. கிளையில் அமர்ந்த பறவைகள் கீழே விழுகின்றன. பால் குடிக்க வந்த கன்றைத் தாய்ப்பசுவே உதைத்துத் தள்ளுகிறது. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. குளிர் முதலில் தொடுவது தோலை. கடைசியில் அது கை வைப்பது தாய்க்கும் கன்றுக்கும் நடுவே. பாட்டு பின்னால் எங்கே போகப்போகிறது என்பதற்கான முதல் அடையாளம் இது.

கைவிட்ட பொருள்கள்

வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் பாட்டின் நடை மாறுகிறது. அங்கே இதம் எப்படி உண்டாகிறது என்பதை நக்கீரர் பெரும்பாலும் எதிர்மறையாகவே சொல்லிக்கொண்டு போகிறார். வடநாட்டார் கொண்டுவந்து தந்த வெண்ணிறச் சந்தனக் கல்லும், அதில் அரைக்க வேண்டிய தென்னாட்டுச் சந்தனமும் தொடுவாரின்றிக் கிடக்கின்றன. பெண்கள் மாலை சூடுவதில்லை. பேருக்குச் சில பூக்களை முடித்துக்கொள்கிறார்கள். குறுகிய வாயுள்ள கலத்திலிருந்து குளிர்ந்த நீரை யாரும் குடிப்பதில்லை. தென்றல் வரட்டும் என்று மேல்மாடியில் அமைத்த வேனிற் பள்ளியறையின் சாளரக் கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. தேர்ந்த கைவினைஞர் செய்த செந்நிற வட்ட விசிறிகள் சுருக்கி முளையில் மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் சிலந்தி வலை பின்னியிருக்கிறது.

அந்தச் சிலந்தி வலையைச் சற்று உற்றுப் பார்க்கலாம். நேற்று மாட்டிய விசிறியில் வலை இருக்காது. இந்த வீட்டில் விசிறியைத் தொட்டுப் பல நாட்கள் ஆகின்றன என்பதை நாள்கணக்குச் சொல்லாமலே அது சொல்லிவிடுகிறது. விசிறி செழிப்பான வேலைப்பாடு கொண்டது என்று முதலில் சொல்லி, பிறகு வலையைச் சொன்னதிலும் காரணம் இருக்கிறது. ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் வெப்பத்தைத் தணிப்பதற்காகப் பொருள் சேர்த்து, கட்டிடம் எழுப்பி, ஆள் வைத்து நடத்தும் குடும்பம் இது. அதன் ஆடம்பரம் எல்லாமே குளிர்ச்சியைச் சுற்றியது. கூதிர் வந்ததும் அந்த ஆடம்பரம் மொத்தமும் ஒரே நாளில் வேண்டாததாகிவிடுகிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் பிரெஞ்சு உடலியங்கியலாளர் மிஷேல் கபனாக். 1971-ல் சயன்ஸ் இதழில் வந்த அவருடைய கட்டுரையின் வாதம் எளிமையானது. உடல் சூடேறியிருக்கும்போது கைக்குச் சுகமாகப்படும் குளிர்ந்த நீர், உடல் குளிர்ந்திருக்கும்போது கையை உறுத்துகிறது; வெந்நீருக்கு இதுவே தலைகீழ். இன்பம் நீரின் வெப்பநிலையில் தங்கியிருப்பதில்லை. உடலின் அப்போதைய தேவையில் தங்கியிருக்கிறது. சந்தனத்தையும் தண்ணீரையும் தென்றல் அறையையும் அடுத்தடுத்து நிராகரித்துக்கொண்டே போகும் நெடுநல்வாடையின் வரிசை இதையே வீட்டுப் பொருள்களைக் கொண்டு காட்டுகிறது.

குளிருக்கென்றே பிறந்த வீடுகளில் இந்தத் தலைகீழ் மாற்றம் நிகழ்வதில்லை. நீலகிரியில் தோடர்களின் பழைய வீடு, மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அரைப்பீப்பாய் வடிவம். சாளரம் கிடையாது. தவழ்ந்து நுழைய வேண்டிய மூன்றடி வாசல்தான் ஒரே திறப்பு. அந்த வீடு ஆண்டு முழுதும் குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறது. சமவெளித் தமிழ் வீடு அப்படியன்று. முற்றமும் திண்ணையும் சாளரமுமாகக் காற்றுக்கு வழிவிட்டு நிற்பது அது. டென்மார்க்கில் கூதிர் இதம் என்பது மெழுகுவர்த்தி, கம்பளி, அடுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதில் வருகிறது. இங்கே அது முதலில் சிலவற்றை நிறுத்துவதில் வருகிறது. இன்றைக்கும் நம் வீடுகளில் கூதிர் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் மின்விசிறியை நிறுத்திய நாளைத்தான் சொல்ல முடியும்.

ஒரு தீ, பல கைகள்

கைவிட்டவற்றின் இடத்தில் வந்து சேர்பவை சில. தலையாயது நெருப்பு. அகன்ற வாயுள்ள தடவில், அதாவது கணப்புச் சட்டியில், செந்நெருப்பை இட்டு எல்லோரும் குளிர்காய்கிறார்கள். ‘எல்லோரும்’ என்ற பொருளில் நக்கீரரே சொல்கிறார். பணியாளர்கள் வெம்மை தரும் பல நறுமணக் கூட்டுகளை அரைக்கிறார்கள். தகர விறகில் தீ மூட்டி அகிற்கட்டையும் வெள்ளயிரும் இட்ட நறும்புகையைப் பெண்கள் கூந்தலுக்கு ஊட்டுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி விளக்கமில்லாமலே புரியும்: ஈரத்தைப் போக்கும் வேலையும் மணமூட்டும் வேலையும் ஒரே தூபத்தில் முடிகின்றன.

கணப்புச் சட்டி அறையைச் சூடாக்குவதில்லை. அதன் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாக வந்து, எதிரே இருக்கும் உள்ளங்கையையும் முகத்தையும் முழங்காலையும் தொடுகிறது. முதுகு குளிர்ந்தே இருக்கும். பொறியியல் நோக்கில் இது மோசமான ஏற்பாடு. ஐரோப்பா இதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கில் 1903-லேயே குப்பை எரிக்கும் ஆலையின் வெப்பத்தைக் குழாய்வழி கட்டிடங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இன்று டென்மார்க்கின் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட பொது வெப்பக் குழாய்களில் இணைந்திருக்கின்றன. அறையின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே வெப்பம்.

எல்லா மூலையும் ஒரே மாதிரி ஆனபின் மனிதர்கள் ஒரு மூலைக்கு வர என்ன காரணம் இருக்கிறது? அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் லீசா ஹெஷாங் 1979-ல் எழுதிய சிறு நூலில் இந்தக் கேள்வியை எழுப்பினார். அடுப்பங்கரை, நீராவிக் குளியலறை என்று வெப்பம் ஓரிடத்தில் குவிந்த இடங்களைச் சுற்றித்தான் சடங்கும் பேச்சும் உறவும் வளர்ந்தன. வெப்பத்தைச் சீராகப் பரப்பியபோது அந்தச் சுவையும் கரைந்துபோனது என்பது அவர் வாதம். டென்மார்க்கில் குழாய் வெப்பம் போதுமான அளவு கிடைத்தபிறகும் மெழுகுவர்த்தியை விடாமல் ஏற்றுவதை இந்த ஒளியில் பார்க்கலாம். அறைக்கு வெப்பம் போதும். கூடுவதற்கு ஒரு மையம் இன்னும் வேண்டியிருக்கிறது. 1920-களில் பால் ஹென்னிங்சென் வடிவமைத்த புகழ்பெற்ற விளக்குகளும் அறை முழுவதையும் வெளிச்சத்தால் நிரப்புவதை விட்டு, மேசைமேல் மென்மையான ஒளிவட்டம் ஒன்றை உண்டாக்கவே முயன்றன.

நெடுநல்வாடையின் கணப்புக்கு அருகில் யாழும் வருகிறது. ஆடல் மகளிர் பாட்டுக்கு இசைய வேண்டிய சீறியாழின் நரம்புகள் குளிரால் சுருதி பிறழ்ந்துவிடுகின்றன. அவர்கள் யாழை மார்போடு அணைத்து, உடற்சூட்டால் நரம்பைத் தேற்றிப் பண்ணுக்கு ஏற்ப நிறுத்துகிறார்கள். நரம்பு ஈரத்தை உறிஞ்சினால் சுருதி நிற்காது என்பது நரம்புக் கருவி வாசிப்பவர்கள் அறிந்தது. கூதிரில் வெம்மை ஏன் வேண்டும் என்பதற்கு நக்கீரர் தரும் சான்றுகளில் மிக நுட்பமானது இது. உயிர் பிழைத்திருப்பதற்குக் கொள்ளிக்கட்டை போதும். பாட்டு நடப்பதற்கு அதைக் காட்டிலும் அருகிலான, அளவான சூடு வேண்டும்.

பொழுதைப் பிடித்துவைத்தல்

அடைமழை நாளின் பெரிய தொல்லை பொழுது தெரியாமற்போவது. காலையும் நண்பகலும் மாலையும் ஒரே சாம்பல் நிறம். வீட்டு இறவாரத்தில் தங்கும் செங்கால் புறா, பெடையோடு மன்றத்துக்கு இரைதேடப் போகாமல், இரவா பகலா என்று மயங்கிப் பலகைமேலேயே கால் மாற்றி நின்றுகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் அடைபட்ட மனிதருக்கும் இதே மயக்கம்தான்.

வீட்டுப் பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மலரும் பருவத்துப் பிச்சி அரும்புகளைப் பூம்பெட்டியில் இட்டு வைத்திருக்கிறார்கள். இதழ் அவிழ்ந்து மணம் வந்ததும் அந்தி வந்துவிட்டது என்று அறிகிறார்கள். உடனே இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகிறார்கள். சூரியன் தராத நேரத்தை ஒரு பூ தருகிறது. பூ தந்த நேரத்தை விளக்கு உறுதிசெய்கிறது. கார்த்திகை மாதத்தில் அந்தி தோறும் வாசலில் அகல் ஏற்றும் வழக்கமும் இதே மழைக்காலத்தில்தான் வருகிறது. அதன் சமயப் பொருள் தனி. வீட்டு ஒழுங்கு என்ற அளவில் பார்த்தால், உருவமற்ற ஒரு நாளுக்கு முடிவும் தொடக்கமும் தருகிற வேலையை அது செய்கிறது. வெம்மைக்கு அடுத்தபடியாக உள்ளறையின் நிறைவுக்கு வேண்டியது இந்த ஒழுங்கு.

ஐந்து விழுக்காடு

இதுவரை பார்த்த ஊர் வீடுகளில் வெம்மையும் நிறைவும் ஒன்றாகவே போகின்றன. பாட்டு அரண்மனைக்குள் நுழையும்போதுதான் அவை பிரிகின்றன. அந்த அறையில் எல்லாம் இருக்கிறது. நிழலை அளந்து திசை கண்டு, கயிறிட்டு நூல்வழி எழுப்பிய மாளிகை. வெள்ளி போல் ஒளிரும் சுதைச் சுவர். அதில் கொடி ஓவியம். யவனர் செய்த பாவை ஏந்திய அகலில் நெய் நிறைந்து, பருத்த திரியில் சுடர் நிமிர்ந்து எரிகிறது. போரில் வீழ்ந்த நாற்பது வயது யானையின் தந்தத்தால் கடைந்த கால்களையுடைய கட்டில். துணையோடு கூடிய அன்னத்தின் தூவியை நிறைத்த மெத்தை. காலை வருடப் பணிப்பெண்கள்; சின்னதும் பெரியதுமாகக் கதை சொல்லி, இதோ வந்துவிடுவார் என்று தேற்றச் செவிலியர்.

கட்டிலில் இருக்கும் அரசி இவற்றில் எதையும் ஏற்கவில்லை. முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது தாலி மட்டும். உடுத்திருப்பது மாசேறிய துணி. மேற்கட்டியின் மெழுகுச் சீலையில் வானமண்டலம் தீட்டப்பட்டிருக்கிறது; அதில் திங்களைவிட்டுப் பிரியாத உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, கண்ணீரை விரலால் துடைக்கிறாள். கன்றை உதைத்த பசு இங்கே நினைவுக்கு வர வேண்டும். குளிர் மேய்ச்சல் நிலத்தில் செய்ததைப் போர் அரண்மனையில் செய்திருக்கிறது.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓலெ ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட நூல், அறையின் இதத்தைக் கணக்கிடும் முறையை உலகத்துக்குத் தந்தது. காற்றின் வெப்பநிலை, சுவர்களின் கதிர்வீச்சு வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடலின் இயக்கம், உடை ஆகிய ஆறையும் கொடுத்தால், அறையில் இருப்பவர்களின் சராசரி உணர்வை ‘மிகக் குளிர்’ முதல் ‘மிக வெப்பம்’ வரையிலான ஏழு படிகளில் எங்கே வைப்பது என்று அவருடைய சமன்பாடு சொல்லும். எத்தனை விழுக்காட்டினர் அதிருப்தியோடு இருப்பார்கள் என்றும் சொல்லும். அந்த இரண்டாவது கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. ஆறு காரணிகளும் மிகச் சரியாக அமைந்தாலும் அதிருப்தி பூச்சியத்துக்கு இறங்காது. 5 விழுக்காட்டில் நின்றுவிடும். எந்த அறையும் எல்லோருக்கும் ஒத்துவராது என்று சமன்பாடே ஒப்புக்கொள்கிறது.

ஃபாங்கர் பேசியது உடலுக்கு உடல் உள்ள வேறுபாட்டை. நெடுநல்வாடையின் அரசியை அந்த ஐந்து விழுக்காட்டில் வைப்பது கணக்கின்படி பிழையாகலாம். ஆனால் கணக்கின் எல்லையைக் காட்ட அவளைவிட நல்ல சான்று கிடைக்காது. பொறியாளர் மீதி என்று ஒதுக்கும் இடத்தில்தான் புலவர் தம் பாட்டை வைக்கிறார். ஆறு காரணிகளும் நிறைவேறிய அறையில் ஏழாவதாக ஒன்று குறைகிறது. அது வீடு திரும்ப வேண்டிய ஓர் ஆள்.

முல்லைப்பாட்டோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். நப்பூதனாரின் அந்த 103 அடிப் பாட்டிலும் மழை, விளக்கு, காத்திருக்கும் தலைவி, பாசறையில் இருக்கும் அரசன் எல்லாம் உண்டு. அங்கே திரும்பிவரும் தேரின் ஆரவாரத்தோடு பாட்டு முடிகிறது. நெடுநல்வாடையில் அந்த ஒலி வருவதே இல்லை. உள்ளறை அதன் எல்லா வசதியோடும் வெறுமையாகவே விடப்படுகிறது.

வெளியே நிற்பவர்கள்

அரண்மனையை விட்டுப் பாட்டு நேரே பாசறைக்குப் போகிறது. நள்ளிரவு, தூறல். அரசன் உறங்கவில்லை. நழுவும் மேலாடையை இடப்பக்கம் அணைத்துக்கொண்டு, வாளேந்திய இளைஞனின் தோளில் கைவைத்து, புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறான். முன்னால் செல்பவன் கையில் வேப்பந்தழை கட்டிய வேல். வேம்பு பாண்டியர் அடையாளம் என்பதால்தான் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இந்தப் பாட்டைப் புறம் என்றார். சேற்றுத் தெருவில் குதிரைகள் உடல்மேல் விழும் துளிகளை உதறுகின்றன. வாடை வீசும்போதெல்லாம் விளக்குச் சுடர்கள் தெற்குநோக்கிச் சாய்கின்றன. அரண்மனைச் சுடர் நிமிர்ந்து நிற்க, பாசறைச் சுடர் சாய்கிறது. சுவர் என்றால் என்ன, அது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்க முடியாது என்பதையெல்லாம் இந்த இரண்டு சுடர்களைக் கொண்டே நக்கீரர் சொல்லிவிடுகிறார்.

உள்ளறையின் இதத்துக்கு வெளியே இருப்பவர் அரசன் மட்டுமல்ல. இடையர் இருக்கிறார்கள். கள்ளுண்ட களிப்பில், நனைவதைப் பொருட்படுத்தாமல், பொழுது கடந்தும் தெருவில் திரியும் கட்டுடல் மனிதர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வெம்மைக்கூட்டு அரைக்கும் குற்றேவலர் இருக்கிறார்கள். அவர்கள் அரைப்பது தமக்காக அன்று. இதத்தைப் பாடுகிறவர் அதைத் தயாரிக்கும் கைகளையும், அது எட்டாத உடல்களையும் ஒரே பாட்டில் வைத்திருப்பது சாதாரணச் செய்தி அல்ல. டென்மார்க்கின் ஹுகேயை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்து 2011-ல் எழுதிய யெப்பே ட்ரோல்லெ லின்னட்டும் இதே இடத்தைத்தான் தொட்டார். சிறு வட்டத்தின் நெருக்கம் உள்ளே இருப்பவர்களைச் சமமாக்குகிறது. வெளியே இருப்பவர்களிடமிருந்து அவர்களைப் பிரிக்கவும் செய்கிறது. அந்த நெருக்கத்தை விற்கும் நூல்களில் முதல் பாதிதான் வருகிறது.

இன்றைய அடைமழை

நம் காலத்துக் கூதிர் வீடு வேறு மாதிரியானது. கான்கிரீட் தளமும் சிமெண்டுப் பூச்சும் ஈரத்தை வாங்கி நாள்கணக்கில் வைத்துக்கொள்கின்றன. சாளரத்தைச் சாத்தி, உள்ளேயே கொடி கட்டித் துணி உலர்த்தும்போது அந்த நீரும் அறைக்காற்றிலேயே சேர்கிறது. சில நாட்களில் அலமாரிக்குப் பின்புறச் சுவரில் பூஞ்சை படர்கிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத்தொல்லையும் கூடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் எச்சரித்திருக்கிறது. ஆகவே கூதிரில் கதவை முழுக்கச் சாத்துவது அரைத் தீர்வுதான். மழை சற்று ஓயும்போது எதிரெதிர்ச் சாளரங்களைக் கொஞ்ச நேரம் திறந்து காற்றை மாற்றுவது மீதிப் பாதி. கணப்புச் சட்டியை இன்றைய அறைக்குள் அப்படியே கொண்டுவரவும் கூடாது. முற்றமும் இடைவெளிகளும் இருந்த வீட்டில் புகைக்கு வழி இருந்தது. அடைத்த அறையில் கரி எரிந்தால் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். மலையூர் விடுதி அறைகளில் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழாமற்போன செய்திகள் வந்திருக்கின்றன.

பழைய கணப்பின் வேலையை இன்று பெரும்பாலும் சமையற்கட்டு செய்கிறது. மிளகு ரசம், கொள்ளு ரசம், சுக்குக் காபி என்று நாவில் சூடேற்றும் வகைகள் இந்த மாதங்களில் அடுப்பில் ஏறுவதற்கு உடலியங்கியல் காரணமும் உண்டு. மிளகின் பிப்பெரினும் இஞ்சியின் காரப்பொருளும், 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுகின்றன. மிளகாயின் காரத்தைக் கொண்டு அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரசம் ஆறிய பின்னும் சூடு தெரிவது இதனால்தான். அடுப்பு எரியும் நேரத்தில் வீட்டார் ஒவ்வொருவராகச் சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் இன்னும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் வெப்பம் அது ஒன்றுதான்.

உள்ளறையே இல்லாமற்போகும் கூதிரும் உண்டு. 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கியவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தவை உலர்ந்த துணி, பாய், சூடான சோறு. மெத்தையும் பாவை விளக்கும் அந்தப் பட்டியலில் இல்லை. நனைந்த துணியின் கணக்கை முன்பே பார்த்தோம். இங்கே இதத்தின் முதல் நிபந்தனை வெப்பத்தைக் கூட்டுவதைவிட ஈரத்தை நீக்குவதுதான். நம் வீட்டு வசதித் திட்டங்கள் வெயிலை மட்டும் கருதி வரையப்படுகின்றன. ஒழுகாத கூரை, ஈரம் ஏறாத சுவர், மழைநாளில் துணி உலர்த்த காற்றோட்டமுள்ள ஓர் இடம் ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டியவை.

நெடுநல்வாடையிலிருந்து இவ்வாறு மூன்று படிகளைப் பிரித்தெடுக்கலாம். உலர்ந்த உடல் முதற்படி. இடையர்களுக்கு அதுகூட இல்லை. பலர் கூடும் ஒரு தீயும், பொழுதைச் சொல்லும் ஒரு விளக்கும் இரண்டாம் படி. ஊர் வீடுகள் அங்கே நிற்கின்றன. வர வேண்டியவர்கள் வந்து சேர்ந்திருப்பது மூன்றாம் படி. அரண்மனை மற்ற இரண்டையும் மிகுதியாகப் பெற்றிருந்தும் இங்கே தோற்கிறது. முதல் இரண்டைப் பொறியியலும் நல்ல நிர்வாகமும் தர முடியும். ஒரு சமூகம் அவற்றைத் தன் மக்கள் எல்லோருக்கும் தரக் கடமைப்பட்டிருக்கிறது. மூன்றாவதைக் கடையில் வாங்க முடியாது. ஹுகே நூல்கள் இரண்டாம் படியை அழகாக விவரித்துவிட்டு, அதுவே முடிவு என்று நிறுத்திக்கொள்கின்றன. நக்கீரர் அங்கே நிற்காமல் மேலும் ஓர் அறைக்குள் சென்று பார்த்தார். கூதிரின் உள்ளறையைப் பற்றிப் பேசத் தமிழுக்கு உரிமை மட்டுமல்ல, கூடுதலாகச் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது என்பதற்கு அந்தக் கடைசி அறையே சான்று.